பெட்டி முதலில் ஏறிய கப்பல்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது நீங்களாகவே கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட, நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். கப்பலில் எல்லோருக்கும் முன்னால் ஏறுவதற்காகக் கூடுதல் காசு கட்டி, கிட்டத்தட்ட எல்லோருக்கும் பின்னால் ஏறியவன் நான். கப்பல் தாமதமாகவில்லை. நானும் தாமதமாகவில்லை. சாலை நெரிசல், மழை, கடப்பிதழை வீட்டில் மறந்தது என்று எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை. துறைமுகத்துக்கு நேரத்தோடு போய், ஏறும் வாசலுக்கு இருபதடி தூரத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஏறுவதை இரண்டரை மணி நேரம் வேடிக்கை பார்த்தேன்.

காரணம் ராகு காலம்.

இதில் கூடுதல் அவமானம் என்னவென்றால், நான் அச்சுத் தொழிலில் இருப்பவன். பிரிக்பீல்ட்ஸில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அச்சகம். வருடம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கடை ரசீதுப் புத்தகம். வருடக் கடைசியில் நாள்காட்டி. மளிகைக் கடைக்காரரும் நகைக் கடைக்காரரும் வாடிக்கையாளர்களுக்குச் சும்மா கொடுப்பார்களே, சுவரில் மாட்டித் தினம் ஒரு தாள் கிழிப்பது, அதுதான். ஒவ்வொரு தாளிலும் தேதிக்குக் கீழே நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். வெள்ளிக்கிழமை என்றால் ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. இந்த ஒரு வரியை எத்தனை ஆயிரம் தாளில் ஏற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்படிப்பட்டவன், 'வெள்ளிக்கிழமை, ஏறும் நேரம் காலை பதினொன்று' என்று பயணச் சீட்டில் போட்டிருந்ததைப் பார்த்து, ஆகா, எவ்வளவு சீக்கிரம் என்று பூரித்துப் போனேன்.

இந்த அவசரம் எனக்கு ஏன் வந்தது என்று சொல்ல வேண்டுமானால், தாப்பா கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சொந்தத்தில் இதைக் கேட்காதவர்கள் கிடையாது. எந்தக் கல்யாணப் பந்தியிலும் ரசம் வருவதற்குள் என் மனைவி இதைத் தொடங்கிவிடுவாள்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு, கல்யாணமான புதிதில், கேமரன் மலைக்குப் புறப்பட்டோம். கிளம்பும்போது ராகு காலம். கொஞ்சம் பொறுத்துப் போங்கள் என்றார்கள் அவள் வீட்டில். நான் அப்போது நவீன இளைஞன். மீசையே அப்படித்தான் வைத்திருந்தேன். "ராகு காலம் பாத்தா பஸ் நிக்குமா?" என்று கேட்டு அவளைக் கையோடு கிளப்பிக்கொண்டு போனேன். பஸ் நின்றது. மலையடிவாரத்து ஊரான தாப்பாவில், புகை கக்கிக்கொண்டு, நாலு மணி நேரம் நின்றது. புது மனைவிக்கு முன்னால் சும்மா இருக்க முடியுமா? தேநீர் வாங்கி வருகிறேன் என்று நான் வீரமாக இறங்கிப் போனேன். கடைக்காரரிடம் சீனி குறைத்துப் போடச் சொல்லி நின்ற நேரத்தில் மாற்று பஸ் வந்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு, மலை ஏறிவிட்டது. கைப்பேசி இல்லாத காலம். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர்ப் பொட்டலத்தோடு நான் சாலையில். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லோரியில், காலிக் கோஸ் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தேன். விடுதிக்காரர் என் மனைவியிடம், "உங்க வீட்டுக்காரர் வருவாரா மாட்டாரா?" என்று மூன்று தடவை கேட்டாராம். மூன்றாவது தடவைக்கு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ராகு காலம் என்பது சட்டம். அதைவிட, அன்றிலிருந்து நான் என்ன செய்தாலும் கடைசியில் அது தாப்பாவில்தான் போய் முடியும். கார் வாங்கினால், "பாத்து, தாப்பால நிக்கப் போகுது." பாசாரில் மீன் வாங்கப் போய்க் கொஞ்சம் நேரமானால், "லோரி கிடைக்கலியா?" சாவதற்குள் இந்தக் கதையை அழிக்கிற மாதிரி ஒரு பயணம், குறை சொல்ல இடமே இல்லாமல், அவளை ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். எனக்கு இருந்த லட்சியம் அவ்வளவுதான். மற்றவர்கள் வீடு கட்டினார்கள், பிள்ளைகளை டாக்டராக்கினார்கள்.

கப்பல் என்று முடிவானதற்குக் காரணம் அவளேதான். அவள் பிறந்து வளர்ந்தது போர்ட் கிள்ளானில். அப்பா துறைமுகக் கிடங்குகளுக்கு லோரி ஓட்டியவர். பள்ளி விட்டதும் அவளும் அவள் அக்காவும் படகுத்துறைப் பக்கம் போய், போகிற கப்பலுக்கெல்லாம் கை ஆட்டுவார்களாம். ஒரு கப்பலிலிருந்தும் யாரும் திருப்பி ஆட்டியது இல்லை. "ஒரு தடவ அந்தப் பக்கத்துல நின்னு கை காட்டணும்," என்று எப்போதோ கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். நான் மறக்கவில்லை. அபூர்வமாக அப்படியும் நடக்கும்.

என் அச்சகத்துக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பயண முகவர் அலுவலகம். அங்கிருந்த பெண்மணி போர்ட் கிள்ளானில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்து, திங்கட்கிழமை காலை திரும்புகிற மூன்று இரவுப் பயணத்தை எடுத்து வைத்தார். எல்லாம் முடிந்து நான் எழுந்திருக்கும்போதுதான் தூண்டிலை வீசினார்.

"அங்கிள், ஆனிவர்சரி ட்ரிப்தானே? அப்ப ப்ரையோரிட்டி போர்டிங் எடுத்துக்குங்கலா."

"எடுக்கலன்னா என்ன ஆகும்?"

"லைன்ல நிக்கணும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஆன்டிக்குக் கால் வலிக்கும்."

"ஆன்டி ராத்திரி பாசாமாலாம் சந்தையில மூணு மணி நேரம் நடக்கிற ஆளு."

"அது பாசாமாலாம், அங்கிள். இது குரூஸ்."

நான் மறுபடி உட்கார்ந்தேன். அவர் பலன்களை அடுக்கினார். தனி வரிசை. ஏறும் வரை உட்கார ஒரு குளிர்சாதன அறை, அதில் காப்பியும் கேக்கும். நம் பெட்டிகள்தான் முதலில் ஏறும். கடைசி நாளில் முதலில் இறங்குவதும் நாம்தான். இதையெல்லாம்கூட நான் தாண்டியிருப்பேன். கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தங்க நிறத்தில் ஒரு பட்டி தருவார்கள் என்றார். அங்கேதான் விழுந்தேன். தாப்பாவில் தேநீர்ப் பொட்டலத்தோடு நின்ற அந்த இளைஞனின் கழுத்தில் தங்கப் பட்டியை மாட்டிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அந்தக் காசுக்கு பிரிக்பீல்ட்ஸில் இரண்டு பேரும் ஒரு மாதம் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம், அப்பளம் தனியாகக் கேட்டு வாங்கி. கட்டிவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. துறைமுகத்தில் வைத்து அசத்தலாம் என்று திட்டம்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கப்பல் நாலு மணிக்குக் கிளம்புகிறது, மத்தியானத்துக்கு மேல் ஏறலாம் என்பதுதான். அந்த வெள்ளிக்கிழமை அவள் போட்ட கணக்கு வேறு. பத்தரைக்கு முன்னால் வீட்டுப் படி இறங்கிவிட வேண்டும். கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து துறைமுகம் அரை மணி நேரம்தான். பத்து அடிக்கும்போது படி இறங்கினோம். பத்தே முக்காலுக்குப் பயணிகள் கூடத்தில் நின்றோம். பெட்டி இழுத்துக்கொண்டு ஒரு பெரிய கூட்டம், வளைந்து வளைந்து போகிற வரிசையில். அதற்குப் பக்கத்தில் சிவப்புக் கயிறு கட்டிய ஒரு தனிப் பாதை. அதில் யாருமே இல்லை. எனக்காகவே போட்டு வைத்த மாதிரி இருந்தது.

சிப்பந்தி ஒருவர் எங்கள் சீட்டைப் பார்த்தார், "வெல்கம், சார்" என்றார், என் கையில் இரண்டு தங்கப் பட்டியைக் கொடுத்தார், இரண்டு பெட்டிகளிலும் தங்கச் சீட்டு மாட்டினார், தள்ளிக்கொண்டே உள்ளே போய்விட்டார். எல்லாம் அரை நிமிடம். நான் மனைவியின் பக்கம் திரும்பி, ஒரு மாலை மாற்றுகிற பாவனையில் தங்கப் பட்டியை அவள் கழுத்தில் போட்டேன்.

"என்ன இது?"

"இந்தக் கப்பல்ல முதல்ல ஏறப்போறதும் நாமதான், முதல்ல இறங்கப்போறதும் நாமதான். லைன் கிடையாது. உள்ள காப்பி, கேக்கு."

அவள் முகம் மலர்ந்தது. உண்மையிலேயே மலர்ந்தது, நான் பார்த்தேன். சுமார் மூன்று வினாடி.

"எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு. இன்னும் பத்து நிமிஷம்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

அந்தக் கேள்வியின் பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் சொந்த மையில், என் சொந்த எழுத்துருவில், அந்த வரி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"வீட்ட விட்டுத்தான் நல்ல நேரத்துல கிளம்பிட்டோமே," என்று ஈனஸ்வரத்தில் சொல்லிப் பார்த்தேன்.

"படி இறங்குனது வேற. கப்பல்ல கால் வைக்கிறது வேற. தாப்பாவுல பஸ்ஸு நின்னுச்சு, சரி, ரோட்டுல நின்னோம். கடல்ல நின்னா தேத்தண்ணி வாங்க எங்க போவீங்க?"

சுற்றும் முற்றும் பார்த்தாள். "பெட்டி எங்க?"

"போயிடுச்சு."

"ராகு காலத்துலயா?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுடைய பட்டுப்புடவை இரண்டும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன என்பதையும் சேர்த்து யோசித்திருப்பாள் என்று நினைக்கிறேன். "பெட்டிக்கு அதெல்லாம் இல்ல," என்று தீர்ப்புச் சொன்னாள்.

போய் ஓரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கைப்பையிலிருந்து எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் வெளியே வந்தன. வீட்டுச் சாப்பாட்டைக் கப்பலில் விடமாட்டார்கள், இங்கேயே முடித்துவிடுவோம் என்றாள். சிவப்புக் கயிற்றுப் பாதையில் தங்கப் பட்டி போட்டவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் அந்த வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நானும் தங்கப் பட்டி போட்டிருந்தேன். கையில் எலுமிச்சைச் சாதம். கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து போய், பாதை இன்னும் திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். வாசலில் நின்ற மலாய்க்காரப் பெண் முதல் தடவை சிரித்தார். இரண்டாவது தடவை, "அங்கிள், நீங்கள் இப்போதே ஏறலாம்," என்றார். மூன்றாவது தடவை என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த காவலரிடம் என்னவோ சொன்னார். அதற்குப் பிறகு நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டு அடித்தது. நான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மனைவியின் கைப்பேசி ஒலித்தது. செராஸில் இருக்கும் அவள் அக்கா. சின்ன வயதில் அவளோடு சேர்ந்து கப்பலுக்குக் கை ஆட்டியவர் இவர்தான்.

"ஏறிட்டீங்களா?"

"இனிமேத்தான்க்கா. இப்பத்தான் ராகு காலம் முடிஞ்சுச்சு."

"யாரு சொன்னா முடிஞ்சுச்சுன்னு?"

"இவரு காலண்டர்ல போட்டிருக்கே."

"அவரு காலண்டரத் தூக்கி ஓரமா வை. அது இந்தியா நேரம். அங்க ஆறு மணிக்கு விடியுது, நமக்கு ஏழு மணிக்கு மேலதான் விடியுது. விடியறத வச்சுத்தானே கணக்கு? இங்க பதினொண்ணே முக்காலுக்குத்தான் ஆரம்பிச்சே இருக்கு. ஒண்ணே காலு வரைக்கும் எங்கயும் நகராத."

மலேசியத் தமிழர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்த வழக்கு வரும். அச்சடித்த நேரமா, நம் சூரியன் சொல்லும் நேரமா? என் கடையில் வந்தே சண்டை போட்டிருக்கிறார்கள். நான் எப்போதும் நடுநிலை. எது கேட்டாலும் அச்சடித்துக் கொடுப்பேன். இப்போது கைப்பேசியைப் பிடுங்கிப் பேசினேன்.

"அக்கா, ஏதாவது ஒண்ணுதானே ராகு காலமா இருக்க முடியும்? ரெண்டுமா இருக்கும்?"

"எது சரின்னு உங்களுக்குத் தெரியுமா, தம்பி?"

"தெரியாது."

"அப்ப ரெண்டையும் விட்டுட்டுப் போங்க. ஏற்கெனவே ஒரு தடவ தாப்பாவுல பாத்தாச்சு."

ஆக, பத்தரையில் தொடங்கிய ராகு காலம் எங்கள் ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஒண்ணேகால் வரை ஓடியது. ஒண்ணே காலுக்கு நான் சிவப்புக் கயிற்றை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். கயிறு இருந்தது. பாதையின் வாயில் ஒரு நாற்காலி குறுக்கே போட்டிருந்தது. அந்த மலாய்க்காரப் பெண் என்னைப் பார்த்ததும் பெரிய மூச்சு விட்டார்.

"சுடா துத்துப், அங்கிள். பன்னிரண்டரைக்கே மூடியாயிற்று. நார்மல் லைன் அந்தப் பக்கம்."

நார்மல் வரிசையின் வாலில் போய் ஒட்டிக்கொண்டோம். எங்களுக்கு முன்னால் ஒரு சீன அங்கிளும் அவர் மனைவியும். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, ஊன்றுகோலில் சாய்ந்து நின்றார். அங்கிள் என் கழுத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், மறுபடி என் கழுத்தைப் பார்த்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்து, "நீங்கள் கூடுதலாகக் கட்டினீர்களா?" என்று கேட்டார். கட்டினேன் என்றேன். "எங்களோடு நிற்பதற்கா?" என்றார். விளக்கினேன். அவர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தலையை ஆட்டி, தன் தாயார் சீனப் பஞ்சாங்கம் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார் என்றார். பிறகு இரண்டு அடி நகர்ந்ததும்தான் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்க, சத்தமே வராமல், கடப்பிதழ் பார்க்கும் குடிநுழைவு மேசை வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

முக்கால் மணி நேரத்தில் உள்ளே போய்விட்டோம். அவ்வளவுதான் அந்த வரிசை. அறைக்குப் போனால், வாசலில் எங்கள் இரண்டு பெட்டியும் சாய்ந்து நின்றுகொண்டிருந்தன. நாங்கள் வெளியே எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டபோதே வந்து சேர்ந்திருக்கும். நான் கட்டிய கூடுதல் காசை முழுக்க அனுபவித்தது அந்தப் பெட்டிகள்தான்.

ஆனால் ஒன்று நடந்தது. நாங்கள் ஏற்கெனவே வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தோம். கப்பலில் இருந்த மற்ற எல்லோரும், தங்கப் பட்டிக்காரர்கள் உட்பட, பஃபேயில் தட்டோடு நின்றார்கள். பிறகு பாதிப் பேர் சாப்பிட்ட மயக்கத்தில் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார்கள். மேல்தட்டு காலி. கரையைப் பார்த்த பக்கத்தில், கம்பி ஓரமாக, எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். மனைவி இரண்டு மூன்று இடம் மாறி மாறி நின்று பார்த்து, ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டாள். நாலு மணிக்குக் கப்பல் அசைந்தது. வெள்ளிக்கிழமை மூன்று முதல் நாலரை எமகண்டம் என்பது எனக்குத் தெரியும். இந்தத் தடவை நன்றாக ஞாபகம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவளே, "எமகண்டத்துல எடுக்கறான்," என்றாள். நான் திடுக்கிட்டேன். "அது கப்பல்காரன் பாடு. நாம ஏறுன நேரந்தான் நமக்கு," என்று முடித்துவிட்டாள்.

கண்டெய்னர் பெட்டிகளும் பாரந்தூக்கிகளும் மெதுவாகப் பின்னால் போயின. அவள் கையைத் தூக்கி ஆட்ட ஆரம்பித்தாள். சும்மா இல்லை, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முழுக்கை வீச்சில். கரையில் யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. சதுப்புக் காட்டு ஓரமாக ஒரு மீன்பிடிப் படகு வந்தது. அதில் ஒருவர், வாயிலிருந்த சிகரெட்டை எடுக்காமலேயே, கையை ஒரு தடவை தூக்கி இறக்கினார். அவள் என் தோளில் தட்டித் தட்டிக் காட்டினாள். "பாத்தீங்களா? பாத்தீங்களா?" பார்த்தேன் என்றேன். படகு கண்ணிலிருந்து மறைகிற வரை அவள் கையை இறக்கவில்லை.

அவள் கொஞ்சம் ஓய்ந்ததும் மெல்லக் கேட்டேன். "அப்ப தாப்பா கதை?"

"கரைக்குத் திரும்பி வருவோம். அப்புறம் பாப்போம்," என்றாள். இருபத்தெட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வாய்தா.

இந்தப் பயணத்துக்குப் பிறகு, பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள், கப்பலில் அந்தக் கூடுதல் காசு கட்டலாமா என்று. என்னிடம் போய்க் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான். கப்பல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் கிளம்புகிறது. முதலில் ஏறினவருக்கு அறை சீக்கிரம் தயாராகாது, அவர் கைப்பையோடு பஃபேயில்தான் உட்கார்ந்திருப்பார். முழங்கால் வலி இருந்தால் கட்டுங்கள். கைக்குழந்தை இருந்தால் கட்டுங்கள். வரிசையில் நின்றால் மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டை வரும் என்றால் கட்டாயம் கட்டுங்கள். மற்றவர்கள் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றரைக்கு மேல் சாவகாசமாகப் போங்கள். கம்பி ஓரம் காலியாகத்தான் இருக்கும்.

பினாங்கும் புக்கெட்டும் நல்லபடியாகப் போயின. நான் எங்கேயும் தொலையவில்லை. தேநீர் வேண்டுமென்றால் அவளையும் கூட்டிக்கொண்டே போனேன். ஞாயிறு இரவு அறைக் கதவுக்கடியில் ஓர் உறை வந்து கிடந்தது. உள்ளே தங்க நிறத்தில் இரண்டு அட்டை, எண் ஒன்று. திங்கள் காலை ஏழே முக்காலுக்கு முதல் குழுவாக இறங்கலாம். முந்தின இரவே பெட்டிகளைக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்று போட்டிருந்தது, வைத்தோம். தங்கச் சீட்டு ஒட்டிய பெட்டிகள். அவை எப்படியும் முதலில் போய்விடும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

காலையில் மனைவி குளிக்கப் போனாள். நான் மட்டும் பஃபேக்குப் போனேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, எனக்காகவே அந்த வரி கண்முன் வந்தது. திங்கட்கிழமை, ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. வெள்ளிக்கிழமை கோட்டைவிட்டவன் திங்கட்கிழமை பிடித்துவிட்டான். ஏழே முக்காலுக்கு இறங்கினால் அப்பட்டமான ராகு காலம். அவள் சொல்வதற்கு முன்னால், அவள் கேட்பதற்கு முன்னால், நானே பார்த்துச் சரி செய்துவிட்டால்? தாப்பா கதை அன்றோடு செத்தது.

பக்கத்து மேசையில் அந்தச் சீன அங்கிளும் ஊன்றுகோல் அம்மாவும் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அட்டை எண் பன்னிரண்டு. கடைசிக் குழு, பத்தரைக்கு மேல். அதுவரை அம்மா எங்கே உட்காருவார் என்று அங்கிள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அட்டைகளை மாற்றிக்கொடுத்தேன். அங்கிள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மறுபடியும் கெட்ட நேரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நன்றி சொன்னார். எண் பன்னிரண்டு என்றால் அக்காவின் மலேசிய நேரமும் தாண்டிவிடும். இரண்டு ராகு காலத்தையும் ஒரே அடியில் சாய்த்தாகிவிட்டது. நான் மூன்றாவது காப்பி எடுத்துக்கொண்டேன்.

ஏழு நாற்பதுக்கு மனைவி வந்தாள். தலை சீவி, பொட்டு வைத்து, கைப்பையை மாட்டிக்கொண்டு, கழுத்தில் தங்கப் பட்டி.

"வாங்க, கூப்பிடறான். கார்டு எங்க?"

பன்னிரண்டாம் எண் அட்டைகளை மேசைமேல் வைத்தேன், சூதாட்டத்தில் ராஜாவை இறக்குகிற மாதிரி. நடந்ததைச் சொன்னேன். எதையும் விடவில்லை, நாள்காட்டி வரியை அப்படியே ஒப்பித்தேன். அவள் ஒன்றும் பேசாமல் எதிரே உட்கார்ந்தாள். பூரிப்பில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கைப்பேசி ஒலித்தது. செராஸ் அக்கா. அவர் குரல் எனக்கே கேட்டது. "வெளிய நிக்கிறேன்டி. ஏழு மணிக்கே வந்து கார் போட்டுட்டேன். நீங்கதான் முதல்ல வருவீங்கன்னு சொன்னியே, எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன். வாசல்லயே படம் எடுக்கணும்."

"இரு, கூப்பிடுறேன்," என்று சொல்லி வைத்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று நாளும் அவள் தன் சொந்தத்துக்கெல்லாம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். முதலில் இறங்கப்போவது நாங்கள்தான் என்று. நான் வாங்கிக்கொடுத்த தங்கப் பட்டியை அவள் மூன்று நாளும் கழற்றவே இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

ஜன்னலுக்குக் கீழே இறங்கு பாலம் தெரிந்தது. முதல் ஆளாக ஊன்றுகோல் அம்மாவும் அவரைத் தாங்கிக்கொண்டு அங்கிளும் இறங்கினார்கள். கரையில் கால் வைத்ததும் அங்கிள் நின்று, திரும்பி, கப்பலை நோக்கிக் கையை உயர்த்தி நன்றாக ஆட்டினார். மனைவியும் கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். கொஞ்சம் சுரத்தில்லாமல்தான். கொஞ்சம் தள்ளி, கரையில், தங்கச் சீட்டோடு எங்கள் பெட்டிகள் இரண்டும் முதல் வரிசையில் நின்றன.

"ஏன்மா ஒண்ணும் பேச மாட்டேங்குற?" என்று கேட்டேன். "ராகு காலத்துல இறங்கலாமா? நீயே சொல்லு."

"வீட்டுக்குத் திரும்பறதுக்கு யாருங்க ராகு காலம் பாப்பாங்க?"